இழப்பிற்கு எது ஈடு? – 2001-ஆம் ஆண்டில் கம்பிரியா உழவர்கள் பெற்ற பணமும் பெறாத பணமும்



சில வாரங்களுக்கு முன்பு ஆறாம் ஆண்டு வகுப்பில் சொல்வளப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ‘இழப்பீடு’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி, ‘இழப்பு + ஈடு’ எனப் பிரித்துக் காட்டினேன். “ஈடு என்றால் நிகர், சமம். இழந்ததற்குச் சமமாகக் கொடுப்பதே இழப்பீடு” என்று விளக்கமும் சொன்னேன். பின்வரிசையில் இருந்து ஒரு மாணவன் கையை உயர்த்தினான்.

“ஐயா, எங்கள் தாத்தாவின் பசுவை லோரி மோதிவிட்டது. லோரிக்காரர் காசு கொடுத்துவிட்டார். ஆனாலும் தாத்தா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அப்படியென்றால் அது இழப்பீடு இல்லையா?”

நல்ல வேளையாக மணி அடித்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சொல்லுக்குப் பொருள் சொல்வது எளிது. வாழ்க்கையில் அந்தப் பொருள் நிற்கிறதா என்று காட்டுவதுதான் கடினம். அவனுக்கு விடை தேடப் போய், இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள ஒரு மலைநாட்டுப் பகுதியின் வரலாற்றில் போய் நின்றேன். அதனை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

ஏன் கம்பிரியா?

கால்நடைகள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்ட துயரம் நமக்குப் புதியதன்று. 1998, 1999-ஆம் ஆண்டுகளில் நிப்பா கிருமி மலேசியாவைத் தாக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் பகுதியை அக்கால ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் நிப்பாவைப் பற்றிப் பேசும்போது மனித உயிர்களின் இழப்பே முன்னால் வந்து நிற்கிறது. கால்நடைக்குக் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேச மனம் வருவதில்லை.

கம்பிரியாவைத் தாக்கிய கோமாரி நோய் அப்படிப்பட்டதன்று. அது குளம்பு பிளவுபட்ட விலங்குகளுக்கு, அதாவது மாடு, ஆடு, பன்றி ஆகியவற்றுக்கு வருவது. வாயிலும் காலிலும் கொப்புளங்கள் தோன்றும்; பால் வற்றும்; உடல் மெலியும். (நம் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு வரும் கை, கால், வாய் நோய் முற்றிலும் வேறு. பெற்றோர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) மனிதரைக் கொல்லாத நோய் என்பதால், விலங்கு, உழவர், அரசு கொடுத்த பணம் என்ற மூன்றை மட்டும் தனியே வைத்துப் பார்க்க இங்கு முடிகிறது. என் மாணவனின் கேள்வியும் அந்த மூன்றைப் பற்றியதுதானே!

பழைய கணக்கு

நோயைத் தடுக்க அரசு கால்நடையைக் கொல்வதும், அதற்குப் பணம் கொடுப்பதும் இங்கிலாந்தில் நீண்ட வரலாறு உடையவை. 1714-ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த இஸ்லிங்டன் பகுதியில் ‘வெக்கை’ எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய் புகுந்தது. அரசரின் மருத்துவராகிய தாமஸ் பேட்ஸ், நோயுற்ற பசுக்களைக் கொன்றுவிட வேண்டும் என்றார். ஆனால் தன் பசுவுக்கு நோய் என்று எந்தப் பால்காரர் தாமே வந்து சொல்வார்? எனவே கொல்லப்படும் ஒவ்வொரு பசுவுக்கும் 40 ஷில்லிங் கொடுக்கப்பட்டது. நோயை மறைக்காமல் சொல்வதற்கான தூண்டுதல் அது.

1865-இல் அதே வெக்கை மீண்டும் வந்தது. 1866-இல் இயற்றப்பட்ட சட்டம் இன்னும் நுட்பமான ஒரு கணக்கைப் போட்டது. நோயுற்ற மாட்டுக்கு அதன் மதிப்பில் பாதி. நோயுற்ற மாட்டோடு பழகிய, ஆனால் இன்னும் நலமாக இருக்கும் மாட்டுக்கு முக்கால் பங்கு. முன்னதற்கு 20 பவுண்டும் பின்னதற்கு 25 பவுண்டும் உச்சவரம்பு. எவ்வளவு விரைவாகச் செய்தி சொல்கிறாரோ, அவ்வளவுக்கு உழவருக்கு நன்மை. (உலகம் முழுவதும் வெக்கை ஒழிக்கப்பட்டதாக 2011-இல் அறிவிக்கப்பட்டது.)

இந்த இரண்டு நிகழ்வுகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். அரசு உழவரின் கண்ணீரைத் துடைப்பதற்காக அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. அவருடைய ஒத்துழைப்பைப் பெறுவதற்காகக் கொடுத்தது. ‘உதவி’ என்று நாம் சொல்லும் தொகையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

2001-இல் நடந்தது

2001 பிப்ரவரி 19-ஆம் நாள் எசெக்ஸ் பகுதியில் உள்ள ஓர் இறைச்சிக்கூடத்தில் பன்றிகளின் உடலில் கொப்புளங்கள் காணப்பட்டன. மறுநாள் கோமாரி என்று உறுதியானது. வடகிழக்கே நார்த்தம்பர்லாந்தில், எச்சில் உணவு கொடுத்துப் பன்றி வளர்த்த ஒரு பண்ணையில் நோய் ஏற்கெனவே பரவியிருந்தது பின்னர் தெரிய வந்தது. அங்கிருந்து அருகிலிருந்த ஆடுகளுக்குத் தொற்றி, அந்த ஆடுகள் சந்தை சந்தையாக விற்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒரு சந்தை கம்பிரியாவின் லோங்டவுன். நாடு முழுவதும் கால்நடைப் போக்குவரத்து நிறுத்தப்பட்ட நாள் பிப்ரவரி 23. ஆனால் முதல் நோய் உறுதியாவதற்கு முன்பே, குறைந்தது 57 பண்ணைகளுக்குள் கிருமி நுழைந்துவிட்டிருந்தது.

நாட்டில் மொத்தம் 2,026 பண்ணைகளில் நோய் உறுதியானது. அவற்றுள் 893 கம்பிரியாவில்! நோய் கண்ட பண்ணையின் விலங்குகளை 24 மணி நேரத்திலும், அதனை ஒட்டிய பண்ணைகளின் விலங்குகளை 48 மணி நேரத்திலும் கொல்வது என்பது கொள்கையாயிற்று. கம்பிரியாவில் இதற்கும் மேலாக, நோய் கண்ட இடத்திலிருந்து 3 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஆடுகளையும் அகற்ற முடிவாயிற்று. இராணுவம் வரவழைக்கப்பட்டது. கிரேட் ஓர்ட்டன் என்னும் ஊரில், பழைய விமானத் திடல் ஒன்றில் நீண்ட குழிகள் வெட்டி நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்ட உடல்களைப் புதைத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆடுகள். கம்பிரியாவில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான விலங்குகள் மாண்டன.

கடைசி நோய் அதே கம்பிரியாவின் ஆப்பிள்பி பகுதியில் செப்டம்பர் 30 அன்று உறுதியானது. நாடு கோமாரி அற்றது என்ற தகுதியை 2002 ஜனவரியில் மீண்டும் பெற்றது.

பணம் வந்த வழி

1981-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி, கொல்லப்பட்ட விலங்குக்கு முழுச் சந்தை விலையை அரசு கொடுத்தாக வேண்டும். நோயுற்ற விலங்காக இருந்தாலும், நோய் வருவதற்கு முன் அதற்கு என்ன விலையோ அதுவே கணக்கு. 1866-இன் அரைப் பங்கோடு ஒப்பிட்டால் இது தாராளமானதே. அவ்வாண்டு கொல்லப்பட்ட விலங்குகளுக்காக 1.1 பில்லியன் பவுண்டுக்கும் அதிகமாக வழங்கப்பட்டது.

ஆனால் விலை சொல்வது யார்? மதிப்பீட்டாளர் ஒருவர் பண்ணைக்கு வந்து, ஒவ்வொரு விலங்காகப் பார்த்து விலை குறிக்க வேண்டும். அதன் பிறகே கொல்ல முடியும். நோயோ மணிக்கு மணி பரவுகிறது. இந்தத் தாமதத்தைப் போக்க மார்ச் 22 அன்று அரசு ஒரு விலைப்பட்டியலை வெளியிட்டது. இன்ன வகை ஆட்டுக்கு இவ்வளவு, இன்ன வகைப் பசுவுக்கு இவ்வளவு. பட்டியல் விலையை ஏற்பவர்கள் மதிப்பீட்டாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வேண்டாதவர்கள் மதிப்பீட்டாளரை அழைக்கலாம்.

திட்டம் நல்லதுதான். ஆனால் பட்டியலில் விலையைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். அதற்குக் குறைவாக எந்த மதிப்பீட்டாளரும் சொல்ல முடியாத நிலை வந்தது. பெரும்பாலானோர் பட்டியலை விடுத்து மதிப்பீட்டாளரையே நாடினர். விலைகள் ஏறிக்கொண்டே போயின. மிகக் குறைந்த விலையாகப் பட்டியல் மாறிவிட்டதை அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2002-இல் வெளியிட்ட அறிக்கையில் சுட்டிக்காட்டியது. ஜூலை இறுதியில் பட்டியல் கைவிடப்பட்டது.

இதனால் ‘உழவர்கள் பணக்காரர் ஆகிவிட்டார்கள்’ என்ற பேச்சு நாட்டில் எழுந்தது. அந்தப் பேச்சில் விடுபட்டவர்கள் இரண்டு வகையினர்.

பணம் வராத வீடுகள்

முதல் வகையினர், நோய் தாக்காத பண்ணைக்காரர்கள். சட்டம் ஈடு கொடுத்தது கொல்லப்பட்ட விலங்குக்கு மட்டுமே. நோயால் முடங்கிப்போன தொழிலுக்கு அன்று. போக்குவரத்துத் தடையால் இவர்களின் ஆடுகளை விற்க முடியவில்லை. மேய்ச்சல் மாற்ற முடியவில்லை. மலைப்பண்ணைக்காரர்கள் குளிர்காலத்தில் தங்கள் இளம் ஆடுகளைத் தாழ்நிலத்துக்கு அனுப்பி வைப்பது வழக்கம். பிப்ரவரியில் தடை வந்தபோது அவை அங்கேயே சிக்கிக்கொண்டன. குட்டி ஈனும் காலம் வேறு நெருங்கியது. சேற்றில், புல் தீர்ந்த வயலில், தாய் ஆடுகள் குட்டிகளை ஈன்றன. தீவனத்துக்குச் செலவு கூடியது, வருமானமோ இல்லை.

இவர்களுக்காக ஒரு திட்டம் வந்தது. அவ்வாறு சிக்கித் துன்புறும் நோயற்ற விலங்குகளை அரசிடம் ஒப்படைத்தால், அவற்றைக் கொன்று, விலை கொடுக்கப்படும். ஏறத்தாழ 2 மில்லியன் விலங்குகள் இவ்வாறு கொல்லப்பட்டன. 200 மில்லியன் பவுண்டுக்கும் அதிகமாகச் செலவாயிற்று. நல்லெண்ணத்தில் பிறந்த திட்டம் இது. விலங்குகள் பட்டினியில் துடிக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஆனாலும் ஓர் உழவரின் இடத்தில் நின்று பாருங்கள். ஆட்டைச் சாகக் கொடுத்தால் பணம் உண்டு. அதனைக் காப்பாற்றி வைத்திருந்தால் அந்தச் செலவுக்கு ஈடு இல்லை.

இரண்டாம் வகையினர் ஆடு மாடே வளர்க்காதவர்கள். கம்பிரியாவில்தான் புகழ்பெற்ற ஏரி மாவட்டம் இருக்கிறது. மலையேறுவோர் செல்லும் பாதைகள் மூடப்பட்டன. தங்கும் விடுதி, தேநீர்க்கடை, வாடகைக் கார் என அனைத்தும் வெறிச்சோடின. நாடு முழுவதும் தனியார் துறைக்கு ஏற்பட்ட இழப்பு 5 பில்லியன் பவுண்டைத் தாண்டியது எனத் தணிக்கை அறிக்கை கூறுகிறது. அதில் பெரும்பங்கு சுற்றுலாவைச் சார்ந்தோருடையது. அவர்களிடம் கொல்வதற்கு விலங்கு இல்லை. ஆகவே விலை போட்டுக் கொடுப்பதற்கும் வழி இல்லை.

மலையை அறிந்த ஆடு

இப்போது பணம் முழுதாகப் பெற்றவரிடம் வருவோம். அவருடைய இழப்பாவது ஈடானதா?

ஏரி மாவட்டத்து மலைகளில் ‘ஹெர்ட்விக்’ என்னும் ஆட்டினம் உண்டு. குட்டியாக இருக்கும்போது கருப்பு. வளர வளரச் சாம்பல் நிறம். அங்கே உயர்ந்த மலைமேய்ச்சல் நிலங்கள் பல பண்ணைகளுக்குப் பொதுவானவை. நடுவே வேலி கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லைக்குள்ளேயே மேயும். காரணம், தாய் ஆடு தன் குட்டிக்கு அந்த எல்லையைப் பழக்குகிறது. எங்கே தண்ணீர், எங்கே பனிக்காற்றுக்கு ஒதுங்கலாம் என்பதெல்லாம் தாயைப் பின்தொடர்ந்து குட்டி கற்றுக்கொள்வது. அந்தக் குட்டி தாயாகித் தன் குட்டிக்குக் கற்பிக்கிறது. பல தலைமுறைகளாக நடந்துவரும் கல்வி அது!

‘பீட்டர் முயல்’ கதையை எழுதிய பியாட்ரிக்ஸ் போட்டரை நம் ஆங்கில ஆசிரியர்கள் அறிவார்கள். அவர் பிற்காலத்தில் இந்த ஆடுகளை வளர்த்தார். 1943-இல் மறைந்தபோது ஏறத்தாழ 4,000 ஏக்கர் நிலத்தை நாட்டுக்கென ஓர் அறக்கட்டளையிடம் விட்டுச்சென்றார். தம் மலைப்பண்ணைகளில் ஹெர்ட்விக் மந்தைகள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது அவருடைய விருப்பம். நிலத்தோடு மந்தையும் சேர்ந்ததே சொத்து என்பதை அவர் அறிந்திருந்தார்.

2001-இல் இப்படிப்பட்ட மந்தைகள் பலவற்றின் இளம் ஆடுகள், தாழ்நிலத்து மேய்ச்சலில் இருந்தபோதே கொல்லப்பட்டன. சில பொது மலைகளில் மந்தை முழுதுமே போயிற்று. மதிப்பீட்டாளர் ஆட்டின் எடையை, வயதை, இனத்தை எழுதினார். அந்த ஆட்டுக்கு மலை தெரியும் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பணத்தைக் கொண்டு சந்தையில் வேறு ஆடு வாங்கலாம். ஆனால் வாங்கி வந்த ஆடு மலையை அறியாது. விட்டால் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். புதிய மந்தைகளைப் பழக்கத் தற்காலிக வேலிகள் போட வேண்டியிருந்தது. மேய்ப்பர்கள் நாள்தோறும் மலையேறி ஆடுகளைத் திருப்பி ஓட்டினார்கள். காசோலை சில வாரங்களில் வந்தது. அந்தப் படிப்பு மீண்டும் வருவதற்கோ ஆண்டுகள் ஆயின.

எழுதி வைத்தவர்கள்

நோய்க்குப் பிறகு லான்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் அரிய பணியைச் செய்தார்கள். வடக்குக் கம்பிரியாவைச் சேர்ந்த 54 பேரை வாரந்தோறும் நாட்குறிப்பு எழுதக் கேட்டுக்கொண்டார்கள். உழவர்கள், சிறுவணிகர்கள், மருத்துவத் துறையினர், கொல்லும் பணியிலும் அப்புறப்படுத்தும் பணியிலும் ஈடுபட்டோர் எனப் பலரும் 18 மாதங்கள் எழுதினார்கள். நெருங்கிய உறவினரை இழந்ததற்கு ஒப்பான துயரம், அரசின்மீது நம்பிக்கை குலைதல், மீண்டும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் ஆகியவை அவற்றிலிருந்து தெரிய வந்தன. பணம் பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாடின்றி இவை இருந்தன.

கிரேட் ஓர்ட்டனின் புதைநிலம் இப்போது ‘வாச்ட்ரீ’ என்னும் இயற்கைக் காப்பிடம். மரங்களும் குளங்களும் பறவைகளும் உள்ளன. பிள்ளைகள் மிதிவண்டி ஓட்ட வருகிறார்கள்.

என் மாணவனுக்கான விடை

அப்படியானால் பணம் கொடுத்தது வீணா? இல்லை. பணம் கொடுக்காதிருந்தால் நோயை மறைப்பார்கள். இன்னும் பல இலட்சம் விலங்குகள் மாண்டிருக்கும். 1714-இல் பேட்ஸ் அறிந்திருந்த உண்மை இன்றைக்கும் பொருந்தும். பொதுநலனுக்காக ஒருவர் தம் மந்தையை விட்டுக்கொடுக்கும்போது அதன் விலையை நாடு ஏற்பதே அறம். 2001-இல் அரசு பணத்தை மிகுதியாகக் கொடுத்தது என்பார்க்கும், குறைவாகக் கொடுத்தது என்பார்க்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அரசு விலையைக் கொடுத்தது. விலையும் இழப்பும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை மறந்தபோது, காசு வாங்கியவர் அழக் கூடாது என்று ஊர் எண்ணியது. காசு வாங்காதவருக்கு இழப்பே இல்லை என்று சட்டம் எண்ணியது.

நம் மொழியில் ‘மாடு’ என்ற சொல்லுக்குச் செல்வம் என்றே ஒரு பொருள் உண்டு. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் ‘பெக்கூனியா’ என்ற சொல், கால்நடையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. கால்நடையே செல்வமாக இருந்த காலத்தில் இக்கேள்வி எழுந்திராது. செல்வம் என்பது பணம் மட்டுமே என்று ஆன பிறகுதான், பசுவை இழந்த தாத்தா ஏன் சாப்பிடவில்லை என்று நமக்கு விளங்காமல் போகிறது.

மறுவாரம் அந்த மாணவனை அழைத்தேன். “அது இழப்பீடுதான். ஆனால் பசுவின் விலைக்கு மட்டும் ஈடு. தாத்தா இழந்தது என்ன என்பதை அவரையே கேட்டு எழுதி வா” என்றேன். இரண்டு நாளில் ஒரு பக்கம் எழுதி வந்தான். தோட்டத்தில் இருந்த காலந்தொட்டு அந்தப் பசுவின் தாயும், தாயின் தாயும் அவர்கள் வீட்டிலேயே இருந்தனவாம். அதிகாலையில் தாத்தா இருமினாலே பசு எழுந்து நிற்குமாம். லோரிக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்று அதில் எங்கும் இல்லை. கேட்டேன். “தாத்தாவுக்கே மறந்துவிட்டதாம் ஐயா” என்றான்.

ஆசிரியர்களே, தோட்டத்தில் ஆடு மாடு வளர்த்த தாத்தா பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கம்பிரியாவின் 54 பேரைப் போல அவர்களும் சொல்ல, நம் பிள்ளைகள் எழுதட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு பக்கம் போதும். பெற்றோர்களே, இவ்வார இறுதியில் பிள்ளைகளை அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள்.